புழுப் பாம்பு



திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மழை இறங்கியதும், மண்வெட்டியின் கீழோ எருக்குழியின் ஓரத்திலோ கருமையாய்ப் பளபளத்து நெளியும் ஒரு சிற்றுயிரை நம்மிற் பலர் கண்டிருப்போம். மண்புழுவென விட்டுவிடுவோர் உண்டு. பாம்புக் குட்டியென அஞ்சி அடித்துவிடுவோரும் உண்டு. இதுவே புழுப் பாம்பு. குட்டியன்று, முழுதும் வளர்ந்தாலும் ஒரு சாணுக்குக் குறைவே.

மண்புழுவின் உடலில் வளையங்கள் இருக்கும். இதற்கோ வழவழப்பான செதில்கள். நாவையும் நீட்டி இழுக்கும். கண்கள் செதிலுக்கடியில் இரு புள்ளிகளாய் மறைந்துள்ளன. வெளிச்சம், இருள் என்பதற்கு மேல் அவற்றால் பயன் குறைவு. வால் நுனியில் சிறு முள் ஒன்றுண்டு. கையிலெடுத்தால் அதனை ஊன்றித் தள்ளும். கொட்டிவிட்டதென நாம் அலறுகிறோம். நஞ்சு இல்லை. உறங்குவோர் செவியிற் புகுமென்ற பேச்சும் வீண் அச்சமே. அது நாடுவது ஈரமண்ணையும் எறும்புப் புற்றையுமே.

எறும்பு, கறையான் இவற்றின் முட்டைகளும் இளம்புழுக்களும் இதன் உணவு. கறையானை இது ஒழித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆயினும் கூலி கேளாமல் நமக்காக உழைக்கும் உயிரைக் கொல்வானேன்?

இவ்வினத்தில் ஆணே அறியப்படவில்லை. பெண் தனித்தே முட்டையிட, பெண் குஞ்சுகளே பிறக்கின்றன. ஆகவே ஒன்றே ஒன்று செடித்தொட்டி மண்ணில் ஒளிந்து கப்பலேறினாலும் போதும், புதுநாட்டில் குடும்பம் தொடங்கிவிடும். இங்ஙனமே அமெரிக்காவரை சென்று, 'பூந்தொட்டிப் பாம்பு' எனப் பெயரும் பெற்றது. விசாகப்பட்டினத்தில் கிடைத்ததைப் பாட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் நூலில் வரைந்து வைத்தார்; அதைக்கொண்டே 1803-இல் தொதேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அறிவியற் பெயர் சூட்டினார்.

நிற்க. சிறியதெல்லாம் தீங்கற்றதெனக் கொள்ளலாகாது. வறண்ட நிலத்துச் சுருட்டை விரியனும் உருவிற் சிறியதே. அதன் நஞ்சு உயிர் குடிக்கும். அதற்குத் தலை அகன்றும், செதில் சொரசொரப்பாயும் இருக்கும். சினந்தால் உடலை உரசி இரையும். கட்டுவிரியன் குட்டியோ கருமையும் பளபளப்பும் உடையது. ஆயின் வெண்பட்டைகள் காணப்படும். ஐயமிருப்பின் தொடாதீர்கள், அடிக்கவும் முனையாதீர்கள், விலகி வழிவிடுங்கள்.

கடிபட்டவரிடம் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்குதல் கூடாது. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்கு அறிவிக்க வேண்டுமெனத் தமிழக அரசு 2024-இல் ஆணையிட்டுள்ளது. ஊராட்சி உறுப்பினர்கள், நச்சுமுறி மருந்து இருப்புள்ள அண்மை மருத்துவமனை எதுவென மழைக்காலத்திற்கு முன்பே கேட்டறிந்து, 108 என்ற எண்ணுடன் அதன் பெயரையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைத்தல் நலம்.