ஒரே கூரை, இரண்டு அடுப்பு

திருவிருந்துக்கு ஒரே வரிசையில் முழந்தாளிட்டுவிட்டு, ஆலய வாசலைத் தாண்டியதும் ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோகும் அண்ணன் தம்பிகள் எல்லாச் சபைகளிலும் உண்டு. கேட்டால் பாகப்பிரிவினை என்பார்கள், கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டது என்பார்கள், எப்போதோ சொன்ன ஒரு சொல் என்பார்கள். காரணம் மறந்துபோன பிறகும் முகம் கொடுத்துப் பேசாத வழக்கம் மட்டும் நின்றுவிடுகிறது. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு அவர்களை மனத்தில் வைத்தே ஒரு மராத்தியக் குடும்பத்தின் கதையை எடுத்துக்கொள்கிறது.

1895 பிப்ரவரி 10 அன்று, பம்பாயில் நாராயண் வாமன் திலக் ஞானஸ்நானம் பெற்றார். அப்போதே பெயர்பெற்ற கவிஞர். சித்பாவன் பிராமணக் குடும்பத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரயில் பயணத்தில் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்த புதிய ஏற்பாடு அவரை மலைப்பிரசங்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் மனைவி லட்சுமிபாயிடம் சொல்லிவிட்டு அவர் போகவில்லை.

லட்சுமிபாய் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த அடியின் கனம் புரியும். அவருடைய தகப்பனார் மடி, ஆசாரம் என்பதில் வெறிகொண்டவர். கடையிலிருந்து வந்த உப்பைக்கூடக் கழுவச் சொல்வார். அந்த வீட்டிலிருந்து பதினோரு வயதில் கல்யாணமாகி வந்த பெண் அவர். இப்போது சிறு பிள்ளை தத்துவுடன், சுமங்கலியா கைவிடப்பட்டவளா என்று ஊர் பேசும் நிலையில், உறவினரை அண்டிப் பண்டரிபுரத்தில் நாளைக் கழித்தார். அழுதார், சபித்தார், கவிதையும் எழுதினார். கடிதப் போக்குவரத்து மட்டும் அறவே நின்றுவிடவில்லை.

அன்றைய சட்டம் திலக்குக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. மதம் மாறியவரோடு வாழத் துணை மறுத்தால், நீதிமன்றம் மூலம் அந்தத் திருமணத்தை முறித்துக்கொள்ள 1866-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. திலக் அந்தப் பக்கம் போகவில்லை, காத்திருந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுப் பிரிவுக்குப் பிறகு லட்சுமிபாய் அவரிடம் திரும்பினார்.

திரும்பியவர் கிறிஸ்தவராகத் திரும்பவில்லை. தமக்கெனத் தனி அடுப்பு, தனித் தண்ணீர். கணவர் தொட்டதை உண்ணமாட்டார். திலக் அதற்குச் சம்மதித்தார். வேதாகமத்தை அவர் கையில் திணிக்கவும் இல்லை. மன்னிப்பு என்றதும் கட்டிப்பிடித்து அழும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. இந்த வீட்டில் அதற்கு ஒரே கூரையின் கீழ் எரிந்த இரண்டு அடுப்புகளின் வடிவம் இருந்தது. இறங்கிவந்து பிழையை ஒப்புக்கொள்வதைவிட, எதிராளி தன் போக்கில் இருக்க இடம் விடுவது கடினம். அதைச் செய்தவர், அந்தக் குடும்பத்தை உடைத்தவரே.

சாதியைக் கடவுள் படைக்கவில்லை, மனிதர்தான் உண்டாக்கினார்கள் என்ற தெளிவு லட்சுமிபாய்க்குத் தாமாகவே வந்தது. அதன்பின் யார் கையாலும் சாப்பிடலானார். 1900-இல் ஞானஸ்நானம் பெற்றார். முதலில் மனிதரை ஏற்றார், அவருடைய விசுவாசத்தைப் பிறகுதான் ஏற்றார். இந்த வரிசை முக்கியம்.

பிரிந்தவர் மறுபடி சேர்வதற்குத் தமிழில் ஒப்புரவு என்ற அருமையான சொல் இருக்கிறது. குறளில் 'ஒப்புரவறிதல்' ஊருக்கு உதவி வாழ்வதைச் சொல்கிறது. தமிழ் வேதாகமம் அதே ஒப்புரவைப் பகை தீர்ந்து சேர்வதற்கு எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர் பாவமன்னிப்புச் சடங்கையே ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு சேர்ந்துகொள் என்கிறது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். அந்த வசனத்தில் ஆராதனையே காத்திருக்கிறது! வழிபாட்டை முடித்துவிட்டு ஒரு நாள் பேசிக்கொள்ளலாம் என்பவர்கள் இதை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அடிவாங்கும் பெண்ணை, 'மன்னித்துவிட்டுப் போ' என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது ஒப்புரவு ஆகாது. மன்னிப்பது ஒருவரால் முடியும், சேர்ந்து வாழ இருவர் மாற வேண்டும். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்து உவமையில், வீடு திரும்பும் இளைய மகனைத் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மூத்தவன் முற்றத்திலேயே கோபத்தோடு நிற்கிறான். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

திலக் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் முன்கோபி. கையிலிருப்பதை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டைத் தவிக்கவிடுபவர். மதம் மாறிய பிறகும் அந்தக் குணங்கள் போகவில்லை. லட்சுமிபாய் இவற்றையெல்லாம் 'ஸ்மிருதி சித்ரே' என்ற தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். 1934 முதல் வெளிவந்த அந்த நூல் மராத்திய உரைநடையின் சிகரங்களில் ஒன்று. அதில் கணவர்மீது கோபமும் உண்டு, சிரிப்பும் உண்டு, பழிவாங்கல் கிடையாது. குடும்பச் சண்டை தீர்க்கப் போகும் போதகர்களும் பெரியவர்களும் ஒரு முறையாவது அதைப் படிக்கட்டும்.

1919 மே 9 அன்று திலக் காலமானபோது, கிறிஸ்துவின் வரலாற்றைப் பாடும் அவருடைய 'கிறிஸ்தாயனம்' பத்து அத்தியாயங்களோடு நின்றிருந்தது. அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்ட லட்சுமிபாய் உட்கார்ந்து, அறுபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்களை எழுதிச் சேர்த்தார்.