இலையைச் சுருட்டும் புழுவும் நமக்கு உதவும் குளவியும்
(கண்டி, ஹந்தானைப் பகுதித் தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன வாரம் கொழுந்து மலையில் ஓர் அம்மா, இரண்டு இலை சேர்த்து நூலால் ஒட்டியிருந்ததைக் காட்டி, "ஐயா, இதுக்கு உடனே மருந்து அடிக்கச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அவங்க கவலை நியாயம்தான். புழு கட்டின கொழுந்தை எடுக்க முடியாது. கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான்.

இது தேயிலை டோட்ரிக்ஸ் என்னும் சின்ன அந்துப்பூச்சியின் புழு. பழுப்பு நிறப் பூச்சி, சிறகை மடக்கி உட்கார்ந்தால் மணி மாதிரி இருக்கும். முற்றிய இலையின் மேல் மீன் செதில் போல அடுக்கடுக்காக முட்டை இடும். ஒரு வாரமளவில் பச்சைப் புழு வெளியே வரும். நூல் விட்டு இலைகளை ஒட்டி, உள்ளே இருந்து தின்னும். சுமார் ஒரு மாதம் கழித்து அங்கேயே கூட்டுப்புழுவாகி, பிறகு பூச்சியாகப் பறக்கும்.

முன் காலத்தில் முட்டைகளைப் பொறுக்குவதே வைத்தியம். 1935-36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவின்னதும் பயப்படாதீங்க. மலையில் கூட்டமாகக் கொட்டுகிற குளவி வேறு. இது ஆளைத் தேடி வராது. புழுவின் உடம்புக்குள் முட்டை இடும். அதன் குஞ்சுகள் புழுவைத் தின்றே வளரும். புழுவின் தொல்லை வெகுவாக அடங்கியது.

பிறகு என்ன நடந்தது? 1950களில் கிளையைத் துளைக்கும் சின்ன வண்டுக்காக டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். நம்ம கண்டிப் பக்கத்து மலைகளில் அந்த வண்டின் தொல்லை அதிகம். மருந்தில் குளவியும் செத்தது. காவல்காரன் போனதும் இலைப்புழு மறுபடியும் பெருகியது. ஒரு வியாதிக்குக் கொடுத்த மருந்து இன்னொரு வியாதியைக் கொண்டுவந்தது.

ஆகவே உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

முட்டை உள்ள இலையையும், புழு உள்ள சுருளையும் கண்டால் கிள்ளி எடுத்துக் கங்காணியிடம் காட்டுங்கள்.

சுருளுக்குள் புழுவுக்குப் பதில் சின்னச் சின்னக் கூடுகள் கொத்தாக இருந்தால் அது நம்ம குளவி. நசுக்காமல் செடியிலேயே விடுங்கள்.

லயத்துத் தோட்டத்தில் மரக்கறிக்குக் கண்டபடி மருந்து அடிக்காதீர்கள். அது குளவியை மட்டுமல்ல, முற்றத்தில் விளையாடும் பிள்ளையையும் பாதிக்கும்.

அந்த அம்மாவோடு சேர்ந்து அன்று சுருளைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே புழு இல்லை, கொத்தாகக் கூடுகள்தான். "அப்ப இது நம்மாளு"ன்னு சிரித்துக்கொண்டே செடியில் வைத்தாங்க. நீங்களும் கிள்ளும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.