மாத்திரை வடிவம் எதற்கு?
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எட்டாம் வகுப்புக் கணிதத்தில் கூட்டு வடிவங்கள் நடத்தும்போது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

பழுதான ரேடியோ ஒன்றின் சர்க்யூட் போர்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். செம்புக் கோடுகளையும் ஈயம் வைக்கும் இடங்களையும் காட்டி, “இதைப் படம் வரையாமல், எழுத்தாலும் எண்ணாலும் மட்டுமே தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டும். குறைந்தது எத்தனை வடிவங்கள் தேவை?” என்று கேட்டேன்.

ஒரு குழு, “கோடு ஒன்றே போதும் சார். நெருக்கமாகப் போட்டு நிரப்பினால் எந்த வடிவமும் வந்துவிடும்” என்றது. பாராட்டினேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி, “மாத்திரை மாதிரி ஒரு வடிவமும் வேணும் சார்” என்றாள். “இரண்டு அரைவட்டமும் ஒரு செவ்வகமும் சேர்ந்ததுதானே அது? தனியாக எதற்கு?” என்று உட்கார வைத்துவிட்டேன்.

அன்று இரவு, சர்க்யூட் போர்டு தயாரிப்பில் உலகெங்கும் பயன்படும் கெர்பர் கோப்பு முறையைப் படித்தேன். அதில் அடிப்படை வடிவங்கள் நான்கு: வட்டம், செவ்வகம், மூன்று முதல் பன்னிரண்டு மூலை வரையுள்ள ஒழுங்குப் பலகோணம். நான்காவது, அவள் கேட்ட அதே மாத்திரை வடிவம். ஆப்ரவுண்ட் என்கிறார்கள்.

காரணம் பழைய இயந்திரத்தில் இருக்கிறது. அந்த நாளில் ஒளி பாய்ச்சி ஃபிலிமில் வரைந்தார்கள். ஒரு சக்கரத்தில் பல வடிவத் துளைகள் இருக்கும். ஒளியை எரியவிட்டு நகர்த்தினால் கோடு. நிறுத்தி ஒருமுறை மின்னவிட்டால் துளையின் வடிவம் அப்படியே பதியும். அதுதான் ஈயம் வைக்கும் பேட். சக்கரம் போய்விட்டது, ஆனால் இந்த வேறுபாடு கோப்பில் இன்றும் இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பேடை 0.1 மி.மீ. கோடுகளால் நிரப்பினால் குறைந்தது பத்துக் கோடுகள். பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஆனால் கோப்பில் பேட் என்று ஒன்று இருக்காது, கோடுகள்தான் இருக்கும். அதன் மையம் எது, பக்கத்துப் பேடுக்கு எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் தொழிற்சாலை ஊகிக்க வேண்டிவரும். ஊகம் தப்பினால் பலகை வீண். நான் பாராட்டிய விடை, அந்தத் துறையில் தவிர்க்கச் சொல்லும் பழக்கம்!

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியை எழுப்பி, “நீ சொன்னதுதான் சரி, நான்தான் தவறு” என்றேன். அவள் விடவில்லை. “அப்போ மூலை வளைந்த செவ்வகம் ஏன் சார் அதில் இல்லை?”

நல்லவேளை, அதற்கு விடை படித்து வைத்திருந்தேன். அடிப்படை வடிவங்களைச் சேர்த்து, அந்தக் கூட்டுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், மாக்ரோ என்பார்கள். பல துண்டுகளால் ஆனாலும் பதியும்போது ஒரே மின்னல், ஒரே மையம்.

உங்கள் வகுப்பிலும் வரைபடத்தாளில் செய்து பாருங்கள். ஒரு பாடவேளை போதாது, இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.