பெட்டியில் உறங்கும் துணியும் நூலும்

(சங்க ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடை என்றால் இலக்கியமும் இசையும் நாடகமும் முழங்கும் இடம் என்று எண்ணுவது நம் வழக்கம். அம்மேடையில் நின்று, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மிச்சத் துணியையும் பையில் கிடக்கும் மிச்சக் கம்பளி நூலையும் பற்றிப் பேசப் போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், அப்படி ஒரு பெட்டியோ பையோ இல்லாத வீட்டினர் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ஒருவரும் கை தூக்கமாட்டீர்கள் என்ற துணிவினாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சேமிப்பு எப்படிச் சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நவராத்திரி வருகிறது. கொலு வைத்த வீடுகளுக்கெல்லாம் போகிறோம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் இவற்றோடு ஒரு ரவிக்கைத் துணியும் கிடைக்கிறது. கொடுப்பதும் மங்கலம், பெறுவதும் மங்கலம். ஆனால், அத்துணியின் நிறத்துக்கு ஏற்ற சேலை நம்மிடம் இருப்பதில்லை. ஆகவே அது பெட்டிக்குள் போகிறது. அடுத்த ஆண்டு வேறொருவர்க்கு வைத்துக் கொடுக்கும் தாம்பாளத்தில் ஏறுகிறது. கரோல்பாக்கில் புறப்பட்ட துணி ராமகிருஷ்ணபுரம் சென்று, மயூர் விஹார் சென்று, மூன்றாம் ஆண்டில் புறப்பட்ட வீட்டுக்கே மடிப்புக் குலையாமல் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. தலைநகரைச் சுற்றிப் பார்க்கும் பேறு நம்மைவிட அத்துணிக்கே மிகுதி!

அடுத்தது கம்பளி நூல். தென்னாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த டில்லி மாநகரம் கற்றுக் கொடுத்த கலை கம்பளிப் பின்னல். ஒரு காலத்தில், மார்கழி, தை மாதங்களில் அரசாங்க அலுவலகங்களின் புல்வெளிகளில் நண்பகல் இடைவேளையின்போது வெயில் காய்ந்துகொண்டே பின்னும் பெண்களைக் காண்பது இங்கே அன்றாடக் காட்சி. அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியிடம் பின்னல் கற்றுக்கொண்டு, அவருக்குச் சாம்பார் வைக்கும் பக்குவத்தைச் சொல்லித் தந்த தமிழ்ப் பெண்கள் பலர். அவர்கள் பின்னிய ஒவ்வொரு ஸ்வெட்டரும் ஓர் அரை உருண்டை நூலை மிச்சம் வைத்துவிட்டுப் போயிற்று. அந்த அரை உருண்டைகள் சேர்ந்து ஒரு பையாயிற்று.

மூன்றாவதாக, நம் அன்புக்கு உரியவர்களின் பழந்துணிகள். பாட்டியின் ஒன்பது கஜப் பருத்திப் புடவை, தந்தையாரின் வேட்டி, இன்று கல்லூரிக்குப் போகும் மகளின் முதற் பாவாடை. இவற்றை உடுத்த முடியாது. எறியவும் மனம் வராது. பணிமாற்றம் வந்து ஊர் மாறும்போதெல்லாம் ட்ரங்குப் பெட்டியும் உடன் ஊர் மாறுகிறது, ஆனால் திறக்கப்படுவதில்லை.

தாய்மார்களே! சேர்த்து வைப்பதை நாம் சிக்கனம் என்கிறோம். என் கருத்தில் அது சிக்கனத்தின் பாதியே ஆகும். காலத்தில் எடுத்துப் பயன்படுத்துவதே அதன் மறுபாதி. அந்த மறுபாதி இல்லாவிடில், தூக்கி எறிபவருக்கும் பூட்டி வைப்பவருக்கும் வேறுபாடு சிறிதே. ஒருவர் இன்று வீணாக்குகிறார். மற்றவர் இருபது ஆண்டு கழித்து வீணாக்குகிறார்.

இக்கருத்து புதியதன்று. டில்லியைத் தொட்டுச் செல்லும் இதே யமுனையின் கரையில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருப்பது கௌசாம்பி. அந்நகரை ஆண்டவன் உதயணன். கொங்குவேளிர் தமிழில் பாடிய பெருங்கதைக்குத் தலைவன். பௌத்தர்களின் வினயபிடகத்தில் அவனைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. அவனுடைய அரண்மனைப் பெண்டிர், புத்தர் பெருமானின் சீடரான ஆனந்தருக்கு 500 ஆடைகளைக் கொடுத்துவிட்டனர். துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு, துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று அரசனுக்குச் சினம். நேரே சென்று கேட்டான். ஆடை நைந்துபோன துறவிகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய நைந்த ஆடைகளை என்ன செய்வீர்கள் என்றான். விரிப்பாக்குவோம் என்றார். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரையில் விரிப்போம். அதுவும் பழையதானால்? கால் துடைக்கவும், பின் தூசி தட்டவும் பயன்படுத்துவோம். அதுவும் கிழிந்தால்? துண்டு துண்டாக்கி, மண்ணோடு பிசைந்து, தரைக்குப் பூசுவோம் என்றார். எதுவும் வீண்போவதில்லை என்று கண்ட அரசன் மகிழ்ந்து, மேலும் 500 ஆடைகளை வழங்கினானாம்.

நம் வீடுகளிலும் இத்தகைய படிக்கட்டு ஒன்று இருந்ததன்றோ? புடவை கிழிந்தால் தூளியாயிற்று. தூளி நைந்தால் அணையாடையாயிற்று. அணையாடையும் போனால் அடுப்பங்கரைக் கரித்துணியாயிற்று. பழைய வேட்டியோ விளக்குத் திரியாகி ஒளி தந்து முடிந்தது. படிகள் எல்லாம் இன்றும் நமக்குத் தெரியும். இறங்கத்தான் மறந்துவிட்டோம்.

நம்மைச் சுற்றியுள்ள மாநிலத்தவர் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். வங்காளத்துக் காந்தாவை எடுத்துக்கொள்வோம். நைந்து மென்மையான சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக் கொண்டே ஓடுதையல் போட்டுச் செய்தது அது. துணியும் பழையது, நூலும் பழையது. புதியது கைத்திறன் ஒன்றே. அதன் பெயரும் நம் 'கந்தை' என்ற சொல்லும் உறவுடையவை. 'கந்தா' என்ற வடசொல்லுக்கு ஒட்டுப்போட்ட ஆடை என்பது பொருள். அந்தக் கந்தையைக் கலையாக மதித்துத் திரட்டியவர் குருசதய தத்தர். 1941-இல் மறைந்த அப்பெருமகனாரின் திரட்டு கொல்கத்தாவின் ஜோகா பகுதியில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பீகாரில் இதற்குச் சுஜனி என்று பெயர். பிறந்த குழந்தையைப் பழந்துணியின் மென்மையில் போர்த்த வேண்டும் என்பதற்காகத் தைத்தது. முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமத்துப் பெண்கள் அதைத் தங்கள் வாழ்க்கைத் தொழிலாக்கிக் கொண்டனர். இக்கலையை வளர்த்த நிர்மலா தேவி அம்மையாருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மராட்டியத்தில் இது கோதடி. வட கன்னட நாட்டில் கௌதி. பெயர்கள் பல, உட்பொருள் ஒன்று.

இனி, நம்மைத் தடுப்பது எது என்று பார்ப்போம். நேரமின்மை என்போம். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. கத்தரிக்கோலை எடுத்தால் கை நடுங்குகிறது. வெட்டிவிட்டால் நினைவு போய்விடுமோ, இதைவிட நல்ல பயன் பின்னர் தோன்றுமோ என்ற தயக்கமே உண்மையான தடை. ஆனால், நாம் தயங்கும் காலத்தில் துணி தயங்கி நிற்பதில்லை. பருத்தி மடிப்புத் தோறும் பழுப்பேறுகிறது. பட்டு மடித்த இடத்திலேயே வெடிக்கிறது. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த கம்பளியை அந்துப்பூச்சியின் புழு விரும்பித் தின்கிறது. ஒருநாள் வெட்டலாம் என்று வைத்ததைப் பூச்சி முன்னதாகவே வெட்டிவிடுகிறது!

ஆதலின், செய்யும் முறையைச் சிறிது கூறுகிறேன்.

முதலில் பெட்டி முழுவதையும் கவிழ்த்து, வெயிலில் உலர்த்தி, மூன்றாகப் பிரியுங்கள்: நான் செய்யக்கூடியவை, பிறருக்குக் கொடுக்கத் தக்கவை, வெட்டவே கூடாதவை. மூன்றாவது வகையும் உண்டு என்பதை மறத்தலாகாது. நல்ல நிலையிலுள்ள பழைய கைத்தறிப் பட்டை மெத்தை உறையாக்குவது சிக்கனமன்று. அதைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்து, இயன்றபோது உடுத்துங்கள், உடுத்துவதும் பயன்படுத்துவதே.

பழந்துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்ல இழுத்தும் பாருங்கள். இழை விட்டுப்போன இடத்தை ஒதுக்கிவிட்டு உறுதியான பகுதியை மட்டும் வெட்டுங்கள். புதுத் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே பழையதோடு சேர்க்க வேண்டும். இல்லையேல் முதற் சலவையில் புதியது சுருங்கிப் பழையதைக் கிழிக்கும். சாயம் போகும் துணியை வெள்ளையோடு சேர்க்கலாகாது. பருத்தியைப் பருத்தியோடும் பாலியெஸ்டரைப் பாலியெஸ்டரோடும் சேர்ப்பது நன்று.

ரவிக்கைத் துணிகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 80 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துணியில், பக்கத்துக்கு 16.5 செ.மீ. உள்ள சதுரங்கள் 20 கிடைக்கும். இத்தகைய 36 சதுரங்களை, வரிசைக்கு ஆறாக, ஓரத்தில் முக்கால் செ.மீ. விட்டு இணைத்தால், உட்பகுதி பக்கத்துக்கு 90 செ.மீ. உள்ள குழந்தைப் போர்வையின் மேற்புறம் ஆயிற்று. ஆறு வீடுகளிலிருந்து வந்த ஆறு துணிகளில் ஆறாறு சதுரம் எடுத்தால் வண்ணமும் பலவாகும். நடுவில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வையுங்கள். அடியில் பழைய பருத்திச் சேலை. மூன்றையும் சேர்த்து ஓடுதையல் போட்டு, ஓரத்தை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. தையற்பொறி வேண்டுவதில்லை.

கம்பளி நூலை முதலில் இனம் பிரிக்க வேண்டும். சிறு இழையைத் தட்டின்மேல் கொளுத்திப் பாருங்கள். முடி தீய்ந்த நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் அது ஆட்டுக் கம்பளி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் அக்ரிலிக் நூல். இவ்விரண்டும் சலவையில் வேறுபட்டு நடப்பதால் ஒரே பின்னலில் கலவாதிருத்தல் நலம். சிறியதாய்ப்போன ஸ்வெட்டரைப் பிரித்தால் நூல் நெளிநெளியாக வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, நிழலில் தொங்கவிட்டு, கீழே சிறு பாரம் கட்டுங்கள், நெளிவு நீங்கும். கொதிநீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும். மிச்ச நூல்களை எடை பார்த்து எழுதி வைப்பதும் நன்று. குழந்தைக் குல்லாய்க்கு 50 கிராம் அளவு போதும். பல நிறம் சேரும்போது, கழுத்து, மணிக்கட்டு, அடிவிளிம்பு ஆகியவற்றை ஒரே நிறத்தில் பின்னுங்கள். இடையில் எத்தனை நிறக் கோடுகள் வந்தாலும் அது மிச்சத்தால் ஆனதாகத் தோன்றாது, எண்ணிச் செய்ததாகவே தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. மிச்சத்தைத் தீர்ப்பதற்காகக் கடைக்குப் போய் மேலும் நூல் வாங்கி வந்தால் பை ஒருபோதும் காலியாகாது!

கடையில் இதைவிட மலிவாகப் போர்வை கிடைக்குமே என்று இளந்தோழியர் கேட்கலாம். கிடைக்கும். இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள பானிப்பட்டில், பல நாட்டார் கழித்த கம்பளி ஆடைகளைக் கிழித்து, மீண்டும் நூற்று, போர்வையாக நெய்கிறார்கள். விலையில் நாம் அவ்வாலைகளோடு போட்டியிட முடியாது. ஆனால், மிச்சத்தை வீணாக்கலாகாது என்பதை ஆலையே அறிந்திருக்கும்போது, வீடு அதை மறக்கலாமா? நம்மால் செய்ய இயலாதவற்றைத் துவைத்து உலர்த்திப் பிறர்க்குக் கொடுப்போம். 1999-இல் அன்ஷு குப்தா அவர்கள் இந்நகரில் தொடங்கிய கூஞ்ச் நிறுவனம், உடுத்த இயலாத துணிகளையும் சுஜனி விரிப்பாகவும் பெண்களுக்கான மாதவிலக்குத் துணியாகவும் மாற்றிப் பயன்படுத்துகிறது. கொடுக்கும்போது, நாம் பெறக் கூசும் நிலையில் உள்ளதைக் கொடாதிருப்பதே கொடையின் முதல் விதி.

நிறைவாக ஒன்று. விலையைவிடப் பெரிய செய்தி அது. உங்கள் பெட்டியிலுள்ள துணி எவருடையது, எந்தத் திருமணத்துக்கு எடுத்தது, எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று சொல்ல இன்று வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்லாமலே போய்விட்டால், பின்னர்ப் பெட்டியைத் திறப்பவரின் கண்ணுக்கு அது பழந்துணி. கபாடிக்காரரின் தராசுக்கு அது வெறும் எடை. இம்மாநகரில் பிறந்து வளரும் நம் பேரக் குழந்தைகளுக்குக் கும்பகோணத்துப் பாட்டியையும் நெல்லைத் தாத்தாவையும் படத்தில் காட்டுகிறோம். அவர்கள் உடுத்திய துணியின் மென்மையை உடலில் படக் காட்ட ஒரு போர்வை போதுமே! பெட்டியில் காத்த நினைவு ஒருவருக்கே உரியது. தைத்துக் கொடுத்த நினைவு அடுத்த தலைமுறைக்கும் ஆகும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் குளிர்காலத்தில் மாதம் ஒரு பிற்பகல் இவ்வரங்கைத் திறந்து வையுங்கள். ஒவ்வொருவரும் ஒரு துணியோ ஒரு நூலுருண்டையோ கொண்டு வரட்டும். அது யாருடையது என்று சொல்லட்டும். பின்னத் தெரிந்த மூத்தோர், தெரியாத இளையோர்க்குக் கற்பிக்கட்டும். ஊசி பிடிக்கும் ஆடவர்க்கும் இடமுண்டு; தையற்கலை ஊர்தோறும் ஆடவர் செய்யும் தொழில்தானே! அடுத்த ஆண்டு விழாவில் நாம் செய்தவற்றை இம்மேடையில் விரித்துக் காட்டுவோம். அன்று என்னைப் போன்றோரின் உரை வேண்டியிராது; அவையே பேசும்.