சுற்றுலாச் சீட்டு வந்தால் கையெழுத்துப் போடலாமா?

(இண்டூர் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாச்சு. இப்போது நம் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். நம் குழு அம்மாக்களில் பல பேருடைய பிள்ளைகள் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். இந்த வருஷம் அந்தப் பள்ளியில் படிப்போடு சேர்த்துப் பல வேலைகள் நடந்தன. காய்கறித் தோட்டம் போட்டார்கள், விளையாட்டு விழா வைத்தார்கள், கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். இப்போது சுற்றுலாச் சீட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. நாங்கள் குழுக் கூட்டங்களுக்குப் போன இடத்தில் எல்லாம் அம்மாக்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மேடம், அனுப்பலாமா, வேண்டாமா?"

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அனுப்புங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஆண் பிள்ளையை அனுப்புவது போலவே பெண் பிள்ளையையும் அனுப்புங்கள்.

சுற்றுலா என்றால் வெறும் விளையாட்டு, வீண் செலவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் ஊரைச் சுற்றி இருக்கிற இடங்களையே எடுத்துக்கொள்வோம்.

பென்னாகரம் வழியாகப் போனால் ஒகேனக்கல். நம் பிள்ளைக்கு அது அருவி, பரிசல், மீன் வறுவல். ஆனால் நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் கதையும் அங்கேதான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் உடம்புக்குக் கெடுதல். பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். ரொம்ப வருஷம் குடித்தால் எலும்பு, மூட்டு எல்லாம் பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. அதனால்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2013-இல் அது திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கிற திட்டம் அது. இதை டீச்சர் அந்த இடத்திலேயே நின்று சொன்னால் பிள்ளை மறக்குமா? வீட்டுக்கு வந்து, "அம்மா, குடிக்கிறதுக்கு போர் தண்ணி வேணாம், ஒகேனக்கல் தண்ணி புடி" என்று நமக்கே பாடம் சொல்லும்.

பக்கத்தில் பாப்பாரப்பட்டி. அங்கே சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1908-இல் வ.உ.சி.யோடு சேர்ந்து தண்டனை பெற்றவர் அவர். சிறையில் தொழுநோய் வந்தது. அந்த நோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. அவர் ஓய்ந்துவிடவில்லை. கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி பாப்பாரப்பட்டியில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40 தான். இவ்வளவு பெரிய மனிதர் வாழ்ந்த ஊர் நமக்குப் பக்கத்து ஊர் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

அதியமான்கோட்டையில் அதியமான் கோட்டம் இருக்கிறது. நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல் ஔவையாருக்குக் கொடுத்த அதியமான் நம் தகடூர் மண்ணுக்காரர். ஔவையார் ஒரு பெண், புலவர், அரசனுக்காகத் தூது போனவர். நம் பெண் பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை இது. தருமபுரி டவுனில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆடுமாட்டைக் காப்பாற்றச் சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களை அங்கே பார்க்கலாம். மாடு வளர்க்கிற நம் வீட்டுப் பிள்ளைக்கு அது உடனே புரியும்.

இதெல்லாம் ஒரே நாளில் போய் வருகிற இடங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இதுவே போதும். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பயம். "தண்ணி இருக்கிற இடமாச்சே, பஸ் என்ன ஆகுமோ" என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். நடந்ததை மறைக்காமல் பேசுவோம்.

2022 அக்டோபர் 5-ஆம் தேதி ராத்திரி, கேரளாவில் வடக்கஞ்சேரி பக்கத்தில், ஊட்டிக்குச் சுற்றுலா வந்துகொண்டிருந்த பள்ளி மாணவர்களின் பஸ் முன்னால் போன அரசு பஸ் மேல் மோதியது. 9 பேர் இறந்தார்கள். ராத்திரிப் பயணமும் அதிக வேகமும் சேர்ந்த விபத்து அது.

2023 பிப்ரவரி 15-ஆம் தேதி, புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் கால்பந்துப் போட்டிக்குப் போனவர்கள். போட்டி முடிந்தபின் ஆற்றில் இறங்கினார்கள்.

2024 ஜனவரி 18-ஆம் தேதி, குஜராத்தில் வதோதரா ஏரியில் சுற்றுலா வந்த பிள்ளைகளின் படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் 2 டீச்சர்களும் இறந்தார்கள். ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போடவில்லை.

இந்த மூன்றையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. மூன்றுமே தடுத்திருக்கக் கூடியவை. என்ன கேட்டால் தடுக்கலாம் என்பதை இவையே நமக்குச் சொல்லித் தருகின்றன. அதனால் சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது? இருட்டுவதற்குள் பிள்ளை வீடு வர வேண்டும்.

இரண்டு: எந்த வண்டி? பஸ்ஸா, வேனா, எத்தனை சீட், எத்தனை பிள்ளைகள்? குட்டியானையிலோ டிராக்டரிலோ ஏற்றினால் அனுப்பாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தப்பு.

மூன்று: எந்தெந்த இடம்? சீட்டில் எழுதாத இடத்தில் வண்டி நிற்கக் கூடாது. தண்ணீரில் இறங்க விடமாட்டோம் என்று டீச்சர் உறுதி சொல்ல வேண்டும்.

நான்கு: ஒகேனக்கல் என்றால் எந்த மாதம்? காவிரியில் வெள்ளம் வரும்போது பரிசலுக்கும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். தடை இருக்கும்போது போகவே கூடாது. தடை இல்லாத நாளிலும் லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் ஏறக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசலே வேண்டாம் என்றால் அது இன்னும் நல்லது. கரையிலிருந்து பார்த்தாலும் அருவி அருவிதான்.

ஐந்து: எத்தனை டீச்சர்கள் கூடப் போகிறார்கள்? அதில் பெண்கள் எத்தனை பேர்? நம் அம்மாக்களில் இரண்டு பேர் துணைக்கு வரலாமா?

நம் பக்கமும் வேலை இருக்கிறது. பிள்ளைக்கு வலிப்போ இழுப்போ இருந்தால் மறைக்காமல் டீச்சரிடம் சொல்லுங்கள், மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நம் போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். குழந்தைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098-க்குப் போன் செய்யலாம் என்பதை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

இப்படிக் கேட்டால் டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். வங்கி மேனேஜரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து கடன் பேசுகிறவர்கள் நாம். இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-இல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. கேள்வி கேட்கப் பழகியதில் நாம் மூத்தவர்கள்.

சில அக்காமார் இன்னொன்றும் கேட்டார்கள். "அது கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். நாடகத்தில் நம்ம புள்ளைக்குச் சம்மனசு வேஷம் போடுறாங்க. அது சரியா?" கிறிஸ்தவப் பள்ளிகள் நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. தரங்கம்பாடியில் 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். நாடகம் பேச்சுப் பயிற்சி, கூச்சம் போகிற வழி. விருப்பம் இருந்தால் நடிக்கட்டும். ஆனால் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. வேண்டாம் என்றால் டீச்சரிடம் மரியாதையாகச் சொன்னால் போதும், சண்டை தேவையில்லை.

இந்தப் பள்ளிகளுக்கும் நம் குழுக்களுக்கும் உறவும் உண்டு. அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அது கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ஆம் தேதி விரிந்தபோது, தொடக்க விழா நடந்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில்தான். கிராமங்களில் அந்த உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் சமைக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற குழுப் பெண்களிடம் கொடுக்கப்பட்டது. பள்ளியின் அடுப்படி வரைக்கும் போன நாம், வகுப்பறை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

கடைசியாகப் பணம். எங்களுக்கு மனசு கஷ்டமாக இருப்பது இதில்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தருக்குத்தான் காசு என்றால், பையன் போகிறான், பொண்ணு ஆடு மேய்க்க நிற்கிறாள். "அவ இன்னொரு வீட்டுக்குப் போறவதானே" என்கிறோம். பெண் குழந்தை பிறந்தாலே பாரம் என்று கள்ளிப்பால் கொடுத்த காலத்தைப் பார்த்த மாவட்டம் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது அதனால்தான். அந்தக் கொடுமையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியதில் குழுப் பெண்களும் உண்டு. உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? அந்தப் பொண்ணு நாலு இடம் பார்க்க வேண்டாமா? பத்து வயசில் அருங்காட்சியகத்தைப் பார்த்தவள், பதினாறு வயசில் "எனக்குக் கல்யாணம் வேணாம், படிக்கணும்" என்று சொல்லும் தைரியம் பெறுவாள் என்று நாங்கள் நம்புகிறோம்.

வழி நம் கையில்தான் இருக்கிறது. சுற்றுலாவுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வாரம் 10 ரூபாய் தனியாகப் போட்டால் 30 வாரத்தில் 300 ரூபாய். பொங்கல் தாண்டிச் சீட்டு வரும்போது பணம் தயார். கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. கணவரை இழந்தவர், கூலிக்குப் பெங்களூரு போனவர் பிள்ளைகளுக்குக் குழு உள்கடனில் வட்டியில்லாமல் கொடுக்கலாம்.

ஆகவே இன்று ஒவ்வொரு குழுவும் மூன்று தீர்மானம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சுற்றுலாச் சேமிப்பு என்று தனிப் பக்கம் போடுவது. பெற்றோர் கூட்டத்துக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் போய் ஐந்து கேள்விகளையும் கேட்பது. காசு இல்லை என்பதற்காக நம் குழுவில் எந்தப் பெண் பிள்ளையும் வீட்டில் நிற்காமல் பார்த்துக்கொள்வது.

தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் போனார்கள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்போம்.