பெரு மலை ஊர்கள்: முதலில் இறங்குங்கள், பிறகு ஏறுங்கள்



நானும் என் மனைவியும் பெரு நாட்டின் ஆண்டீஸ் மலை ஊர்களைப் பார்த்து வந்தோம். "அறுபது வயசுக்கு மேல இது முடியுமா சார்?" என்று பலர் கேட்டீர்கள். முடியும். ஆனால் ஊர்களைப் பார்க்கும் வரிசை முக்கியம்.

விமானம் இறங்கும் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். நாலு படி ஏறியதுமே என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. முன்பே திட்டமிட்டபடி, அன்றே 2,800 மீட்டரில் உள்ள ஒல்லாந்தாய்தம்போவுக்குக் காரில் இறங்கிவிட்டோம். அங்கே இன்கா காலத்து வாய்க்கால்களில் இன்றும் தெருவோரம் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு இரவு தங்கியதில் தலைவலி விட்டது.

அடுத்து ரயிலிலும் பஸ்ஸிலும் மச்சு பிச்சு. அது 2,430 மீட்டர்தான். கடைசியாகக் குஸ்கோ திரும்பியபோது இருவரும் நிதானமாக நடந்தே ஊரைச் சுற்றினோம். 1950 நிலநடுக்கத்தில் அங்குள்ள சாந்தோ தொமிங்கோ மடம் பலத்த சேதமடைந்தது. சாந்து பூசாமல் அடுக்கிய இன்கா கற்சுவர்கள் நின்றன.

போகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். முதல் நாள் ஓய்வு எடுங்கள். தலைவலி கூடினால் மேலே ஏறாமல் கீழே இறங்குங்கள்.