வாய்மொழியும் பதிவேடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வி என்பது எழுத்தறிவு மட்டுமன்று. நம்மைப் பற்றி எழுதப்படும் கணக்கைப் படித்தறியும் ஆற்றலும் கல்வியே ஆகும். ஆதலின், அத்தகைய கணக்கொன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அரசு வழங்கும் உதவி ஏழையின் வீட்டை அடைந்ததா என்பதை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, கொடுத்தவர் எழுதி வைத்த பதிவேடு. மற்றொன்று, வீடு வீடாகச் சென்று, பெற்றவரையே கேட்டு எழுதும் மாதிரிக் கணக்கெடுப்பு. இவ்விரண்டும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. அவ்வாறு முரண்படும்போது யாரை நம்புவது?

நம் நாட்டையே முதலில் நோக்குவோம். நியாய விலைக் கடைகளுக்கென மாநிலங்கள் கிடங்கிலிருந்து எடுத்த தானியத்தையும், தேசிய மாதிரி ஆய்வில் மக்கள் வாங்கியதாகச் சொன்ன தானியத்தையும் பொருளியல் அறிஞர்களான ஜான் டிரெஸ், ரீத்திகா கேரா ஆகிய இருவர் ஒப்பிட்டனர். 2004-05இல் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பங்கும், 2011-12இல் ஏறத்தாழ 42 பங்கும் வீட்டுக் கணக்கில் வரவில்லை. இடைவழியில் களவு போன தானியத்தை மக்களின் வாய்மொழியே காட்டிக்கொடுத்தது. இங்கே ஐயத்திற்குரியது பதிவேடு.

இனி, அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே உணவு உதவி, பெறுபவரின் மின்னணு அட்டைக்கே நேராகச் செல்கிறது. எனினும், நியூயார்க் மாநிலத்தின் பதிவேடுகளை வீட்டுக் கணக்கெடுப்போடு ஆள்வாரியாக இணைத்து மேயர், மிட்டாக் என்னும் இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு என்ன கண்டது? உணவு உதவி பெற்றோருள் நூற்றுக்கு 40 பேர் அதனைப் பெற்றதாகக் கணக்கெடுப்பில் பதிவாகவில்லை. ரொக்க உதவி பெற்றோருள் 60 பேர் அவ்வாறு பதிவாகவில்லை. இப்பிழையைத் திருத்தியதும், இத்திட்டங்கள் வறுமையைக் குறைத்த அளவு ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்தது. இங்கே தவறியது வாய்மொழி.

மக்கள் பொய்யர்களா? அல்லர். மாதங்கள் பல கடந்தபின் கேட்டால் மறதி வரும். குடும்பத் தலைவர் ஒருவரையே கேட்டால், மனைவியும் மகளும் பெற்றது அவருக்குத் தெரியாதிருக்கலாம். உதவி பெறுவதைச் சொல்ல நாணுவோரும் உண்டு. இன்னொன்று, பெயர். தேசிய சமூக உதவித் திட்டத்தில் பணம் வருகிறதா என்று நம் மூதாட்டி ஒருவரைக் கேட்டால், “இல்லையே ஐயா” என்பார். ஓ.ஏ.பி. பணம் வருகிறதா என்று கேட்டால், வருகிறது என்பார். கேள்வியின் மொழி பிழைத்தால் விடையும் பிழைக்கும்.

இதனால் நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். பெற்றதைப் பெறவில்லை என்று எழுதினால், பயனற்ற திட்டமென்று அதனை நிறுத்தச் சொல்வோர் எழுவர். பெறாததைப் பெற்றதாக எழுதினால், களவு மறைந்துபோகும். கணக்கு எப்பக்கம் சாய்ந்தாலும் இழப்பு ஏழைக்கே.

ஆகவே, இரண்டில் ஒன்றைக் கண்மூடி நம்புதல் ஆகாது. பெயருக்குப் பெயர், தொகைக்குத் தொகை ஒப்பிட்டுப் பார்த்தலே வழி. 1994 டிசம்பரில் இராஜஸ்தானத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தனர். அத்தகைய மக்கள் மன்றங்களில், பட்டியலில் பெயர் இருந்தவர்களே எழுந்து, தமக்குக் கூலி கிட்டாததைச் சான்றுரைத்தனர். கணிப்பொறி கொண்டு அமெரிக்க அறிஞர் செய்ததை, எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகள் தம் செவியையும் நினைவையும் கொண்டு செய்தனர்!

இளைஞர்களே! ஒடுக்கப்பட்டோர் கல்லூரிப் படிப்புக்கென 1944இல் தொடங்கப்பெற்ற கல்வி உதவித்தொகையால் படித்தோர் நம்மிடையே பலர் உளர். உங்கள் தெருவில் அத்தொகை யாருக்கு வந்தது, எவ்வளவு வந்தது, எந்நாளில் வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். வங்கிப் புத்தகத்தைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். கணக்கெடுப்பவர் வந்தால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்ததை வந்ததென்றும், வராததை வரவில்லையென்றும் நாணமின்றிச் சொல்லுங்கள். பெறுவது பிச்சையன்று, உரிமை. உரிமைக்கு நாணம் எதற்கு?

நம் கணக்கைப் பிறர் மட்டுமே எழுதிய காலம் ஒன்று இருந்தது. இனி, நாமும் எழுதுவோம், ஒப்பிடுவோம், கேள்வி கேட்போம்.